கடைசி சீட் அம்மாவும் எரிகோ சாலையும்

முதல் நாள் – 2019 பிப்ரவரி 11, திங்கள், திபேரியா

ஜோர்தான் எல்லையில் மூன்று மணி நேரம் போயிற்று. பாஸ்போர்ட், பை, பெல்ட், மறுபடியும் பாஸ்போர்ட். யோர்தான் நதியைக் கடந்ததுகூடத் தெரியவில்லை, வாய்க்கால் மாதிரி இருந்தது, பாலத்தில் பஸ் ஏறி இறங்கிய பிறகு பாஸ்டர் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தோம்.

இஸ்ரேலுக்குப் புனிதப் பயணம் வந்திருக்கிறோம், பஸ்ஸில் 41 பேர். வழிகாட்டி நாசரேத்துக்காரர், அரபு கிறிஸ்தவர், முப்பது வருஷமாக இதுதான் வேலையாம். மைக்கைப் பிடித்ததுமே ஒரு விதி சொன்னார்: பிச்சை கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பார்த்துவிட்டால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது, நான் 41 பேரை எண்ணி ஏற்ற வேண்டும். நல்ல யோசனையாகத்தான் பட்டது. குறித்துக்கொண்டேன்.

நாயீனில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். பெரும்பாலான குழுக்கள் இங்கே வருவதில்லை. மோரே மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர், இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் முஸ்லிம்கள், நடுவில் பிரான்சிஸ்கன் சபையாரின் குட்டித் தேவாலயம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு என்னவோ இந்தப் பயணத்தில் மனதில் நிற்கப்போகிற இடம் இதுதான் என்று தோன்றியது. பைபிளில் லூக்கா 7இல் இந்த ஊர் வாசலில் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்கின்றன, ஒன்று இயேசுவோடு உள்ளே வருகிறது, இன்னொன்று பாடையோடு வெளியே போகிறது. செத்தவன் விதவைக்கு ஒரே பிள்ளை. அந்தக் காலத்தில் அவளுக்குச் சோறும் பாதுகாப்பும் அவன்தான், அதுவும் போயிற்று. அவள் எதையும் கேட்கவில்லை, கூட்டத்தில் ஒருவரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளவும் இல்லை. "கர்த்தர் அவளைப் பார்த்து, அவள்மேல் மனதுருகி" என்றுதான் இருக்கிறது, பாடையைத் தொடுவதெல்லாம் அதற்கப்புறம். இதே மலைக்கு அந்தப் பக்கம் சூனேம். எலிசா தீர்க்கதரிசி ஒரு பிள்ளையை உயிரோடு எழுப்பிய ஊர். அங்கே அந்தத் தாய் கழுதையில் ஏறி கர்மேல்வரை விரட்டிக்கொண்டு போய்த் தீர்க்கதரிசியின் காலைப் பிடித்தாள். இங்கே இவளுக்கு அழத்தான் தெம்பிருந்தது.

மற்றபடி, கடைசி சீட்டில் ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், தனியாக வந்திருக்கிறார். எல்லோரும் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஆடி அசைந்து வருவார். நாயீனில் இறங்கவே இல்லை. இவ்வளவு முட்டி வலியை வைத்துக்கொண்டு ஏன் கிளம்பி வருகிறார்களோ. சரி, எல்லா பஸ்ஸிலும் இப்படி ஒருவர் இருக்கத்தானே செய்வார்.

இரண்டாம் நாள் – செவ்வாய், திபேரியா

காலையிலிருந்து தூறல். கப்பர்நகூம், தப்கா, படகு. கலிலேயாக் கடல் என்கிறோம், உண்மையில் நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்கு 210 மீட்டர் போல கீழே கிடக்கிறது.

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து இயேசு ஐயாயிரம் பேரைச் சாப்பிட வைத்த இடம் என்று சொல்லப்படும் தப்காவில், அப்பமும் மீனும் பதித்த பழைய தரைச்சித்திரத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். கூடையில் நாலு அப்பம்தான் இருக்கிறது, ஐந்தாவது எங்கே என்று ஒவ்வொரு குழுவும் கேட்குமாம், அது பலிபீடத்தின்மேல் என்று வழிகாட்டிகள் பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட, மாற்கு ஆறாம் அதிகாரத்தில் அந்தச் சம்பவத்துக்கு முந்தைய நாலு வசனங்கள்தான் மனதில் ஓடின. சீஷர்கள் ஓடியாடிக் களைத்து வந்திருக்கிறார்கள், சாப்பிடக்கூட நேரமில்லை, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்றுதான் ஆளில்லாத இடத்துக்குப் படகில் கிளம்புகிறார்கள். கரையில் இறங்கினால் கூட்டம் அங்கே முன்னாலேயே வந்து நிற்கிறது. எனக்கென்றால் எரிச்சல் வந்திருக்கும். அவரோ அவர்களைக் கண்டு மனதுருகினார், மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் இருந்தார்களாம்.

இந்த 'மனதுருகி' பற்றி ராத்திரி சாப்பாட்டில் பாஸ்டர் பேசினார். கிரேக்க மூலத்தில் ஸ்ப்ளாங்க்னிஸொமாய் என்ற வினைச்சொல், ஸ்ப்ளாங்க்னா என்றால் குடல், ஈரல் மாதிரி உள்ளுறுப்புகள். சுவிசேஷங்களில் 12 தடவை வருகிறது, இயேசுவைப் பற்றியோ அவர் சொன்ன உவமைகளில் வருகிற ஆட்களைப் பற்றியோ மட்டும்தான். மனது என்று மொழிபெயர்த்தது மரியாதைக்காக இருக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்பார்களே, அதுதான் இந்தச் சொல்லுக்கு இன்னும் பக்கம் என்று எனக்குப் படுகிறது. நினைத்துப் பார்த்து வருவதில்லை அது, கண்ணில் பட்டதும் வயிற்றில் விழுகிறது.

படகில் ஏறும்போது கடைசி சீட் அம்மா கேட்காமல் கொள்ளாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், மொத்தமும் ஆடிப்போயிற்று. மெதுவாகக் கையை உருவிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் – புதன், எருசலேம்

இன்றைக்குத்தான் அந்தச் சாலை. இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், கொள்ளையர் ஒருவனை அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போன சாலை. ஆசாரியனும் ஆலய ஊழியனான லேவியனும் அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள், யூதர்களோடு ஒட்டாத சமாரியன்தான் உதவுகிறான்.

யோர்தான் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி மதியம் எரிகோ. கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே, பிப்ரவரியிலும் வேர்த்தது. இயேசுவைப் பார்க்க சகேயு ஏறிய மரம் என்று ஒரு காட்டத்தி மரத்தைக் காட்டுகிறார்கள், அதே மரமா என்றெல்லாம் கேட்கக் கூடாது. குருட்டுப் பிச்சைக்காரன் பர்திமேயு உட்கார்ந்திருந்ததும் இந்த ஊர் வழியோரத்தில்தான். அவன் இயேசுவைக் கூப்பிட்டபோது பேசாதிரு என்று அதட்டியவர்கள் யாரென்று பார்த்தால், இயேசுவின் பின்னால் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்க்கொண்டிருந்த கூட்டம். எங்களைப் போல. நேரம் தவறாமல் போய்ச் சேர வேண்டிய கூட்டம்.

எரிகோவிலிருந்து எருசலேமுக்கு 27 கிலோமீட்டர் போல வரும், அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். பழைய வழி வாடி கெல்ட் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகிறது. இப்போது பெரிய நெடுஞ்சாலை, பஸ் அரை மணியில் ஏறிவிடுகிறது. ஓரிடத்தில் நிறுத்திப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மரம் கிடையாது. பாறைக்குப் பின்னால் பாறை, வளைவுக்குப் பின்னால் வளைவு, பத்து பேர் ஒளிந்திருந்தாலும் தெரியாது. பாதி வழியில் சிவந்த பாறையாக ஒரு மேடு, யோசுவா புத்தகத்திலேயே அதும்மீம் என்று பெயர் வருகிறது, சிவப்போடு சம்பந்தப்பட்ட சொல். கொள்ளையர் சிந்திய ரத்தத்தால் அந்தப் பெயர் என்று பழங்கால வேத அறிஞர் ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார். அங்கேதான் 'நல்ல சமாரியன் சத்திரம்' என்ற இடம். உவமையில் வருகிற சத்திரம் எப்படி நிஜத்தில் இருக்கும் என்று எங்களில் ஒரு பையன் கேட்டான், நியாயமான கேள்வி. 2009இலிருந்து அது தரைச்சித்திரங்களுக்கான அருங்காட்சியகம். யூத ஜெபாலயங்கள், சமாரிய ஜெபாலயங்கள், தேவாலயங்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவந்து அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் தொழுதவர்கள் உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திருப்பார்களா என்பது சந்தேகம். சமாரியர் இன்றைக்கும் எண்ணூறு பேர் போல கெரிசீம் மலையிலும் ஹோலோன் ஊரிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அந்த ஆசாரியன் விஷயத்தில் ஒன்று. பிணத்தைத் தொட்டால் தீட்டு, தேவாலய ஊழியம் கெட்டுவிடும், அதனால் விலகிப்போனான் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நம் வேதாகமத்தில் 'அந்த வழியே வந்து' என்றுதான் இருக்கிறது, ஆனால் கிரேக்கத்தில் 'இறங்கி வந்தான்' என்று பொருள்படுகிற வினை, பாஸ்டர் காட்டினார். அதாவது எருசலேமிலிருந்து கீழே வருகிறான். ஊழியம் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சாலையில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தால் இது உறைக்கிறது. அவனுக்குத் தீட்டு ஒரு நல்ல சாக்காக இருந்திருக்குமே தவிர அவசரம் எதுவும் இருந்திருக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." அடுத்த வசனம், லேவியன், "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." அதற்கடுத்து சமாரியன், "அவனைக் கண்டு, மனதுருகி." மூன்று பேருக்கும் ஒரே 'கண்டு'. கண்ணில் படாமல் போனவன் ஒருவனும் இல்லை. இதைப் பஸ்ஸில் சொன்னபோது பாஸ்டரே திரும்பி, அருமை என்றார். எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையிலேயே பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம், கடைசி சீட் அம்மா வராததால். அருங்காட்சியக வாசலில் சுவரைத் தொட்டபடி நின்றுகொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. யாராவது போய்க் கூட்டிட்டு வாங்கப்பா என்றது முன்சீட்டிலிருந்து ஒரு குரல். வழிகாட்டி இறங்கிப் போனார்.

நாலாம் நாள் – வியாழன், எருசலேம்

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

காலைச் சாப்பாட்டில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்கதானா தினம் எழுதுறது? என் பேத்தி படிச்சாளாம். கடைசி சீட் அம்மான்னு வருதே, அது நீங்களா பாட்டின்னு போன்ல கேட்டா."

இட்டிலியாக இருந்திருந்தால் தொண்டையில் அடைத்திருக்கும், நல்லவேளை ரொட்டி, அதுவும் அடைத்தது.

அவருக்குக் கோபமில்லை. "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முட்டின்னு போட்டிருக்கீங்களே, அது மட்டும் தப்பு. என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல. கண்ணு."

க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது. முதலில் ஓரப் பார்வை போகும், ஆளுக்கே தெரியாமல் போகும், போனது திரும்பாது, சொட்டு மருந்தெல்லாம் இருப்பதைக் காப்பாற்றத்தான். இப்போது அவருக்கு ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது, காலடி தெரிவதில்லை. இந்த ஊரில் சுவர், தரை, படி எல்லாம் ஒரே வெளுத்த சுண்ணாம்புக்கல், ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று நமக்கே குழப்பும். அவருக்கு எல்லாம் ஒரு சமதளம். விழுந்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும், தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் போன பிறகு சுவரைத் தடவித் தடவி வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் கண்ணைப் பற்றி எழுதவே இல்லையாம். "எழுதியிருந்தா கூட்டிட்டு வருவாங்களா? வந்தாச்சு, இனிமே திருப்பியா அனுப்பப் போறாங்க."

ராத்திரி நாயீன் படங்களைப் புரட்டியபோது ஒன்றில் பஸ் ஜன்னலில் அவர் முகம். கண்ணாடியோடு ஒட்டி, தேவாலயம் இருக்கிற திசைக்கு இரண்டு ஜன்னல் தள்ளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள் பதிவை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டேன். உண்மையில் வேறு ஒன்றைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சக்கர நாற்காலி ஏற்பாடு பண்ணலாம், பாஸ்டரிடம் சொல்லலாம், என் மனது அதற்குள் ஒரு திட்டமே போட்டுவிட்டது. பர்திமேயுவிடம்கூட, குருடன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் இயேசு கேட்கிறார். நேற்று எரிகோவில் அதைப் பற்றி யோசித்திருக்கலாம். அம்மா சொன்னது இதுதான்: "தூக்க வேண்டாம், பிடிக்கக்கூட வேண்டாம். முன்னால நடந்து, படி வந்தா 'படி'ன்னு சொல்லுங்க. போதும்."

ஒலிவமலையிலிருந்து கீழே இறங்குகிற பாதை செங்குத்து. நடுவில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு தேவாலயம், 1955இல் பார்லுச்சி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் கட்டியது. நகரத்தைப் பார்த்து இயேசு அழுத இடமாம், லூக்கா 19. அங்கேயும் 'பார்த்து' இருக்கிறது, கவனித்தேன், ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. படி, படி, பெரிய படி, சரிவு, படி என்று சொல்லிக்கொண்டே வந்ததில் தொண்டை காய்ந்துவிட்டது, படம் ஒன்றும் எடுக்கவில்லை.

சிங்க வாசலருகே வந்தபோது சுவரோரமிருந்து ஒரு குரல், அரபியில். வழிகாட்டியின் விதிப்படி நான் நேரே பார்த்து நடந்தேன். அம்மா நின்றுவிட்டார். "யாரு தம்பி அது? ஆம்பளையா பொம்பளையா?" ஆம்பளை. "வயசானவரா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் திரும்பிப் பார்த்தாக வேண்டும். "எப்படி இருக்கார்?" சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. ஒரு கால்சட்டையை மடித்து ஊசி குத்தியிருக்கிறது, அந்தப் பக்கம் கால் இல்லை. பக்கத்தில் ஃப்ளாஸ்க், மடித்து வைத்த செய்தித்தாள். இடது கன்னத்தில் சவரம் செய்தபோது வெட்டிய புதுக் காயம். "சிரிக்கிறாரா?" பார்த்தேன். ஆமாம், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஹிந்தி?" என்று கேட்டார், இந்தியரா என்று. நான் தலையாட்டியதும், "அமிதாப் பச்சன்!"

அம்மா கைப்பையைத் துழாவி ஐந்து ஷேக்கல் நாணயத்தை எடுத்து, என் கையில் தராமல் தானே குனிந்து, கை எங்கே என்று தடவிப் பார்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் ஃப்ளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார். ஏதோ மூலிகை வாசனை. அம்மா முழுவதும் குடித்தார். எனக்கும் ஒரு மூடி. தூரத்தில் வழிகாட்டி முப்பத்தொன்பதுவரை எண்ணிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் விதி சரிதான், பார்த்துவிட்டால் நகர முடிவதில்லை.

அதற்கப்புறம் பெதஸ்தா குளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழு கிளம்பிக்கொண்டிருந்தது. மேலே கம்பியைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் நின்றோம், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் – வெள்ளி, எருசலேம்

காலையில் சீலோவாம் குளம். பலகாலமாக வேறொரு இடத்தைத்தான் சீலோவாம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள், 2004இல் சாக்கடைக் குழாய் வேலைக்குத் தோண்டியபோது பழைய குளத்தின் படிகள் அகப்பட்டன. யோவான் 9, பிறவிக்குருடன் கண் கழுவிய இடம். இயேசு ஒரு மனுஷனைக் கண்டார் என்று தொடங்குகிறது, சீஷர்கள் அவனிடத்தில் ஒரு கேள்வியைக் கண்டார்கள்: இது யார் செய்த பாவம்? அவன் முன்னாலேயே நின்று அவனைப் பற்றி விவாதம். நாம் அப்படியெல்லாம் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன், அப்புறம்தான் உறைத்தது, நாமும் பார்த்ததும் வாயில் வருகிற சொல் அதேதான், 'பாவம்'. ஐயோ பாவம் என்று சொன்னால் ஏதோ செய்துவிட்ட மாதிரி, கடந்து போய்விடலாம். நேற்று காலையிலிருந்து பஸ்ஸில் விஷயம் தெரிந்துவிட்டது, அம்மாவைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நேற்றுவரை தாமதம், இன்றைக்குப் பாவம். அம்மா என்னிடம், "முன்னாடி திட்டினப்பவாவது என்கிட்ட பேசினாங்க" என்றார்.

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. அன்று 'யாராவது போய்க் கூட்டிட்டு வாங்கப்பா' என்ற முன்சீட்டுக்காரர். தன் இடத்தைக் காலி செய்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு நேராகத் தெரியும் என்பதை அந்த மனிதர் எப்படியோ யோசித்திருக்கிறார். எனக்குத் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் கடைத்தெருவுக்காக விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெதஸ்தாவுக்குத் திரும்பிப் போனோம். முன்னால் சிலுவைப்போர் காலத்து அன்னாள் தேவாலயம், 12ஆம் நூற்றாண்டு, உள்ளே யார் பாடினாலும் குரல் கல்லில் ஏறி நின்று மெதுவாகத்தான் இறங்கும். ஏதோ ஒரு தேசத்துக் குழு பாடிக்கொண்டிருந்தது. குளம் இருந்த இடம் இப்போது ஆழமான ஒரு பள்ளம், உடைந்த வளைவுகள், தூண் துண்டுகள். யோவான் சொல்கிற ஐந்து மண்டபம் எப்படி என்று பலர் குழம்பியிருக்கிறார்கள், தோண்டிப் பார்த்ததில் இரட்டைக் குளம், நாலு பக்கமும் நாலு, நடுச் சுவரின் மேல் ஒன்று. தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவன் குணமாவான் என்று காத்துக் கிடந்தவர்கள் நடுவே முப்பத்தெட்டு வருஷ வியாதிக்காரனும் இங்கேதான் கிடந்தான், தண்ணீர் கலங்கும்போது என்னைக் கொண்டுபோய் விட ஒருவருமில்லை என்றவன்.

இரும்புப் படி, அப்புறம் கல்படி, அப்புறம் ஈரம். படி, படி, குனியுங்க, படி. எண்ணிக்கொண்டே வந்து நடுவில் கணக்கை விட்டுவிட்டோம். கீழே போனதும் அம்மா ஒரு தூண் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு அதில் கையூன்றி நின்றார்.

"தண்ணி இருக்கா தம்பி?"

"கொஞ்சம் இருக்கு அம்மா. பச்சையா."

"கலங்குதா?"

எட்டிப் பார்த்தேன். "இல்ல."

"அப்போ அவசரம் இல்ல, கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்று சிரித்தார்.

பஸ்ஸுக்கு இன்றைக்குத் தாமதமாகப் போனவர்கள் இரண்டு பேர்.